மூன்றாவது இடைவெளி

மாலை ஆறு பதினேழுக்கு முதல் வவ்வால் வெளியே வந்தது.

பெரியவள் பாலத்தடியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடமாக அதே நாற்காலி, கால்வாய் ஓரத்துக் கல்பாதையில் அதே இடம். ஆனால் இன்று அவள் அண்ணாந்து பார்த்தது பாலத்தின் இடைவெளியை அல்ல, உத்தரத்தின் பக்கவாட்டில் திருகாணியால் முடுக்கியிருந்த கான்கிரீட் பெட்டியை. வவ்வால் அதிலிருந்துதான் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு ஒரு பிடி மிளகை வீசி எறிந்தது போல ஒரு கூட்டம்.

"வந்துடுச்சா அக்கா?"

சின்னவள் பக்கத்தில் நின்றாள். தலையில் மஞ்சள் ஹெல்மெட். அவள் பெரியவளின் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. சாலைத் துறையில் பாலப் பொறியாளர். பெட்டி அவள் வரைந்தது.

"ம்" என்றாள் பெரியவள்.

"நம்ம பெட்டியிலேருந்துதானே?"

"உன் பெட்டியிலேருந்துதான்."

சின்னவள் ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பெரியவள் அதைப் பார்க்காமல் இருக்க மறுபடி அண்ணாந்தாள். கழுத்து வலித்தது. பதினோரு வருடத்தில் வலித்ததில்லை.

*

பாலம் பழையது. அதன் தளம் ஒரே பலகை அல்ல. துண்டு துண்டாக வைத்து, வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் நடுவே ஐந்து இடைவெளிகள் விட்டிருந்தார்கள். விரலிரண்டு நுழையும் அகலம். அந்த ஐந்திலும் வவ்வால்கள் குடியேறின. பூச்சி தின்னும் சிறு வவ்வால்கள். கால்வாயைச் சுற்றியிருந்த தெருக்களில் கொசு குறைந்தது அவற்றால்தான் என்று பெரியவள் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள் சொன்னால் கேட்க வேண்டும்தான். யாரும் கேட்கவில்லை. வவ்வாலம்மா என்று ஒரு பெயர் மட்டும் வைத்தார்கள். குடியிருப்பின் காவலாளி வைத்தது. கேலியாகத்தான் வைத்தார். அவளுக்குப் பிடித்திருந்தது.

இடைவெளிகள் வழியாக மழைநீர் இறங்கி உத்தரத்தின் கம்பிகளை அரித்தது. அடைக்காவிட்டால் பாலம் நிற்காது. அடைத்தால் வவ்வால்கள் போய்விடும். இரண்டையும் காப்பாற்ற ஒரு திட்டம் வந்தது. பொறியாளர், விலங்கியலாளர், சுகாதாரத் துறைக்காரர் என்று பல துறை ஆட்கள் சேர்ந்து செய்யும் திட்டம். அதற்கு ஒருங்கிணைப்பாளராக வந்தவர் ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர்.

பாலத்துக்கு யார் பொறுப்பு என்று முதல் கூட்டத்தில் கேட்டபோது கையைத் தூக்கியவள் சின்னவள். பெரியவளுக்கு அதுவரை தெரியாது. ஒரே வீட்டில் கீழே ஒருத்தியும் மாடியில் ஒருத்தியும் இருந்தார்கள்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன் அக்கா. உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு" என்றாள் சின்னவள்.

"ஆச்சரியமாத்தான் இருக்கு."

பெரியவளும் முன்பே பெட்டிகள் வைத்திருந்தாள். மரப்பெட்டிகள். அவள் சம்பளத்தில், அவள் கையால் பலகை அறுத்து, புத்தகம் சொன்ன அளவில். பதினோரு வருடத்தில் ஒரு வவ்வால்கூட அவற்றில் ஏறவில்லை. ஒன்றில் குளவி கட்டியது. ஒன்றில் பல்லி முட்டையிட்டது. ஒன்றில் யாரோ வீட்டுக்குத் தெரியாமல் சிகரெட் பாக்கெட்டை ஒளித்து வைத்தார்கள்.

சின்னவளின் பெட்டியில் ஒரே மாதத்தில் இடம் பற்றாமல் போயிற்று.

"இலவு காத்த கிளி கேள்விப்பட்டிருக்கேன். பெட்டி காத்த பெரியவளை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் மாமியார். அவள் கீழே பெரியவளோடு இருந்தாள். மாலையில் மட்டும் மாடிக்குப் போவாள். அங்கே டிவி பெரியது. "உன் வீட்டுக்கு வாடகைக்குக்கூட ஆள் வரல. அவ வீட்டுல நிக்க இடமில்ல."

"கான்கிரீட் சூடு தாங்கும் அத்தை. மரம் தாங்காது. அதான்."

"அதை மொதல்லயே தெரிஞ்சுக்கக் கூடாதா?"

தெரிந்துதான் இருந்தது. அதுதான் வயிற்றை எரித்தது. பெட்டி வருவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவள் தன் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் துடைத்து அடுக்கினாள். பேச்சு எப்படியோ பெட்டிக்கு வந்தது.

"வழவழன்னு இருந்தா அதுக்குக் கால் பிடிக்காது" என்றாள் பெரியவள். "இந்தத் தட்டுல தொங்குன்னா தொங்குமா? பாலத்து இடைவெளிக்குள்ள கை விட்டுப் பாரு. சொரசொரன்னு, கதகதன்னு இருக்கும்."

சின்னவள் ஈரத் துணியோடு அப்படியே நின்றாள். மறுநாள் பழைய சாக்கு இருக்கிறதா என்று தெருக்கடைகளில் கேட்டாள். அச்சுப் பலகைக்குள் சாக்கை விரித்து, அதன் மேல் கான்கிரீட் ஊற்றி, காய்ந்ததும் சாக்கை உரித்தாள். சாக்கின் இழை ஒவ்வொன்றும் கல்லில் பதிந்திருந்தது. நகத்துக்குப் பிடி கிடைக்கும். வெயிலின் சூட்டையும் கல் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலத்தில் குடியிருக்கும் பிராணிக்குப் பாலத்தில் ஒரு துண்டையே வெட்டிக் கொடுத்தது போலச் செய்திருந்தாள்.

முதல் பெட்டி வந்தபோது பெரியவள் அதற்குள் கை விட்டுத் தடவினாள். அவள் வாயிலிருந்து விழுந்த சொல் அங்கே கல்லாகிக் கிடந்தது. ஆனால் செய்தவள் பெயர் செய்தவளுக்குத்தானே. சொன்னவளுக்கு என்ன.

*

பொறாமைக்கு ஒரு நேரம் உண்டு என்று பெரியவள் கண்டுகொண்டாள். அவளுக்கு அது காலையில் வந்தது. பல் துலக்கும்போது மாடியில் சின்னவளின் காலடி கேட்கும். குதிகால் அழுந்த நடக்கும் நடை. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. என்ன அவசரமோ. பெரியவள் பற்பசையைத் துப்பிவிட்டு அண்ணாந்து பார்ப்பாள். வவ்வாலைப் பார்த்துப் பார்த்து அண்ணாந்தே பழகிய கழுத்து.

செய்தித்தாளில் படம் வந்தது. மஞ்சள் ஹெல்மெட், பெட்டி, சிரிப்பு. மேலே பெரிய எழுத்தில் 'வவ்வாலம்மா'. கடைசிப் பத்தியில் ஒரு வரி: உள்ளூர் ஆர்வலர் ஒருவரின் ஆலோசனையும் பெறப்பட்டது.

சின்னவள் பத்திரிகைக்கு போன் பண்ணிச் சண்டை போட்டாள். மறுநாள் ஆறாம் பக்கத்தின் அடியில் திருத்தம் வந்தது. அதை வெட்டி எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

"முனைவர்னு போட்டிருக்காங்க அக்கா. பதினோரு வருஷம்னும் போட்டிருக்காங்க."

"கண்ணாடி போட்டாத்தான் தெரியும் போல இருக்கே."

"நான் சொன்னேன், பெருசாப் போடுங்கன்னு."

"பரவாயில்ல. நீ கேட்டதே போதும்."

போதவில்லை. அவள் கேட்டுத் தனக்குக் கிடைத்தது என்பது செய்தியைவிட அதிகமாக எரித்தது. சின்னவள் கெட்டவளாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

காவலாளி இப்போது மாடிக்காரியை வவ்வாலம்மா என்றார். இவளைப் பார்த்ததும் சமாளித்து, "பெரிய வவ்வாலம்மா, உங்களுக்குத் தபால்" என்றார்.

பெரியவளின் கணவர் பல் டாக்டர். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அவளும் நம்ம வீட்டுப் பொண்ணுதானே. பேர் யாருக்கு வந்தா என்ன?"

"உங்க தம்பி உங்க கிளினிக்ல உக்காந்து பல்லைப் பிடுங்கி, பேப்பர்ல அவர் படம் வந்தா?"

"அவனுக்குப் பிடுங்கத் தெரியாதே."

"அதைத்தான் சொல்றேன்."

அவர் இன்னொரு கவளம் எடுத்துக்கொண்டார். மெல்வதற்கு நிறைய இருந்தது.

*

திங்கட்கிழமை கூட்டம். ஒருங்கிணைப்பாளரின் அறை ஒரு பெரிய கூடத்தில் பிளைவுட் தடுத்து உண்டாக்கியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் சுகாதாரத் துறை.

"துறைக்கும் துறைக்கும் நடுவுல சுவர் இருக்கக் கூடாது" என்றார் ஒருங்கிணைப்பாளர். ஒவ்வொரு கூட்டத்தையும் அப்படித்தான் தொடங்குவார். தடுப்புக்கு அப்பால் யாரோ இருமினார்கள். "சொல்லுங்க சார், கேக்குது" என்று ஒரு குரல் வந்தது. கொஞ்சம் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை மாலை, பாலத்தின் ஐந்து இடைவெளிகளுக்கும் வலைத்திரை கட்டுவது. மேலே இறுக்கி, கீழே தளர விட்ட திரை. உள்ளே இருக்கும் வவ்வால் சறுக்கி வெளியே வந்துவிடும். திரும்பி உள்ளே போக முடியாது. போக இடமில்லாமல், புதிதாக மாட்டிய மற்ற பெட்டிகளுக்குப் போகும். ஞாயிறு காலை பாலத்தை மூடி, இடைவெளிகளுக்கு ரப்பர் அடைக்கத் தொடங்குவார்கள்.

இதில் ஒரே ஒரு ஆபத்து. பறக்கத் தெரியாத குட்டி உள்ளே இருந்தால் அது அங்கேயே இருக்கும். தாய் வெளியே இருக்கும்.

அதனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். பாலம் பற்றிச் சின்னவள் சொன்னால் அதுவே முடிவு. வவ்வால் பற்றிப் பெரியவள் சொன்னால் அதுவே முடிவு. மற்றவர் துறைக்குள் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது. முதல் கூட்டத்தில் சின்னவள்தான் இப்படிச் சொன்னாள். பெரியவள் அன்று அதை மரியாதையாக எடுத்துக்கொண்டாள்.

"குட்டிங்க எல்லாம் பறந்துடுச்சா அக்கா?"

"பறந்துடுச்சு. ஒரு வாரமா குட்டி சத்தமே இல்ல."

அது உண்மை. அவளிடம் காதுக்கு எட்டாத ஒலியைக் கேட்கும்படி மாற்றித் தரும் கைக்கருவி இருந்தது. ஒரு வாரமாக மாலைதோறும் அதைத் தூக்கிப் பிடித்துக் கேட்டிருந்தாள்.

"அப்ப சனிக்கிழமை" என்றார் ஒருங்கிணைப்பாளர். "பேப்பர்காரங்களையும் கூப்பிட்டுடலாம். வவ்வாலம்மா, நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

பெரியவள் நிமிர்ந்தாள். அவர் சின்னவளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

வியாழக்கிழமை காலை கல்லூரிக்குப் போகிற வழியில் பெரியவள் பாலத்தடியில் இறங்கினாள். கல்பாதையில் எச்சத்தின் நடுவே ஏதோ கிடந்தது. இளஞ்சிவப்பு நிறம். கட்டை விரலின் மேல்கணு அளவு. குனிந்தாள்.

குட்டி. செத்திருந்தது. மயிர் முளைக்கவில்லை. கண் திறக்கவில்லை. இறக்கை இரண்டும் ஈரக் காகிதம் போல மடிந்திருந்தன. தொப்புளில் காய்ந்த நூல். பிறந்து இரண்டு மூன்று நாள்தான் இருக்கும்.

அண்ணாந்தாள். நேர் மேலே மூன்றாவது இடைவெளி.

இந்த வருடம் மழை தள்ளி வந்திருந்தது. முன்பும் ஒரு வருடம் இப்படி வந்தது. அப்போதும் முதல் முறை ஈனும் இளம் தாய்கள் சில, மற்றவை எல்லாம் ஈன்று முடித்த பிறகு ஒரே இடைவெளியில் கூடி ஈன்றன. அவள்தான் அதைப் பார்த்தாள். அவள்தான் அதைப் பற்றி எழுதினாள். படித்தவர்கள் மிகக் குறைவு. சின்னவள் படித்திருக்கவில்லை.

குட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக் காலி மாத்திரை டப்பாவில் வைத்தாள். போனை எடுத்தாள். சின்னவளின் எண் மேலேயே இருந்தது. கட்டை விரல் அதன் மேல் நின்றது.

ஒன்று தரவு ஆகாது.

வகுப்பில் ஒவ்வொரு வருடமும் முதல் நாள் அவள் கரும்பலகையில் எழுதும் வரி அது. ஒன்றைப் பார்த்துவிட்டு ஓடி வராதே. ஒன்று விபத்தாக இருக்கலாம். திரும்பிப் பார். உறுதி செய். பிறகு பேசு. நல்ல வரி. அதை நம்பித்தான் அவள் இத்தனை வருடம் வேலை செய்தாள்.

போனைப் பைக்குள் போட்டாள். கல்லூரியில் டப்பாவைக் குளிர்பெட்டியில், மாணவர்களின் தவளைகளுக்குப் பின்னால் வைத்தாள்.

*

அன்று சாயங்காலம் சின்னவள் கீழே வந்தாள். மாமியாரும் இருந்தாள். மூன்று பேரும் டீ குடித்தார்கள்.

"வேற ஊர்ல ஒரு மாநாடு அக்கா. என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. பாலமும் பல்லுயிரும்னு தலைப்பு. நீங்களும் வரணும்."

"நான் எதுக்கு?"

"வவ்வால் பத்திக் கேள்வி கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதே. பக்கத்துல நீங்க இருந்தா தைரியமா இருக்கும்."

"துணைக்கு வரச் சொல்றே."

"ஆமா அக்கா" என்றாள் சின்னவள் சிரித்துக்கொண்டே. பெரியவளுக்குக் குத்தியது அவளுக்குத் தெரியவில்லை. தான் குத்தியதே தெரியவில்லை.

"போயிட்டு வாயேன்" என்றாள் மாமியார் பெரியவளிடம். "பெட்டி தூக்க ஆள் வேணும்ல."

பெரியவள் டீயை ஆற்றினாள். அது ஏற்கனவே ஆறியிருந்தது.

சின்னவள் வேலைக் கதை ஒன்று சொன்னாள். போன வருடம் வேறொரு பாலம். அடிப்பக்கம் சுத்தியால் தட்டிப் பார்த்தபோது ஓரிடத்தில் சத்தம் மாறி வந்தது. "பாலத்தடியில சத்தம் எங்கேருந்து வருதுன்னு சொல்லவே முடியாது அத்தை. எல்லாப் பக்கமும் எதிரொலிக்கும். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு உத்தரமா காதை வெச்சுக் கேட்டேன். ஒரே ஒரு விரிசல். மயிரிழை. அன்னிக்கே போக்குவரத்தை நிறுத்திட்டேன்."

"ஒரு விரிசலுக்கா பாலத்தையே மூடினே?"

"எங்க வேலையில ஒண்ணு போதும் அத்தை. மொதல்ல மூடணும். இன்னும் எத்தனை இருக்குன்னு அப்புறம் எண்ணிக்கலாம்."

பெரியவள் எழுந்து டம்ளர்களை எடுத்தாள்.

"உங்க பக்கம் ஏதாவது இருக்கா அக்கா? சனிக்கிழமைக்கு?"

தண்ணீரைத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் பேசுவது சுலபமாக இருந்தது.

"திங்கக்கிழமை சொன்னதுதான்."

அது பொய்யில்லை. திங்கட்கிழமை அப்படித்தான் சொன்னாள்.

*

வெள்ளிக்கிழமை மாலை உறுதி செய்ய வேண்டும். கைக்கருவி திங்களிலிருந்து மேசையிலேயே கிடந்தது. முழுக்க சார்ஜ் ஏறிப் பச்சை விளக்கு எரிந்தது.

போனால் கேட்கும். கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் சொல்ல வேண்டும். சொன்னால் சின்னவள் அந்த நிமிடமே திரையை நிறுத்துவாள். நன்றி சொல்வாள். கூட்டத்தில் பாராட்டுவாள். அக்கா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பாள். மேடையில் அவள் நிற்க, கீழே இவள் பாராட்டப்படுவாள்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவள் நினைத்துப் பார்த்தாள். ஒரு முறை அல்ல. ஞாயிறு முழுக்கச் சத்தம் கேட்கும். திங்களன்று நின்றுவிடும். பிறகு வாசனை வரும். ரப்பரைப் பிரிப்பார்கள். பேப்பர்காரர்கள் அதே ஹெல்மெட்டை மறுபடி படம் எடுப்பார்கள். அந்த இடத்தில் அவள் மனம் கொஞ்ச நேரம் தங்கியது. பிறகு வெட்கப்பட்டு நகர்ந்தது. நகர்ந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அங்கேயே வந்தது.

மழையும் காய்ச்சலும் தவிர எதற்காகவும் பாலத்தடிக்குப் போகாமல் இருந்ததில்லை. அன்று உட்கார்ந்து துணி மடித்தாள்.

"என்ன, இன்னிக்குப் போகல?" என்றாள் மாமியார். "உன் பிள்ளைங்க உன்னைத் தேடாதா?"

"தலைவலி அத்தை."

"தலைவலியோட எல்லாத் துணியையும் மடிச்சுட்டியே. மாடித் துணியும் இருக்கு, கொண்டு வரட்டுமா?"

*

சனிக்கிழமை கல்பாதையில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், ஒரு கிரேன் வண்டி. ஐந்து இடைவெளிகளிலும் வெள்ளை வலைத்திரை தொங்கியது. சின்னவளே கிரேன் தொட்டியில் ஏறி ஒவ்வொரு திரையையும் இழுத்துப் பார்த்தாள்.

பெரியவளின் மடக்கு நாற்காலி இருந்த இடத்தில் மைக் வைத்திருந்தார்கள். அவள் நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டாள்.

வெளிச்சம் மங்கியது. முதல் வவ்வால் திரையின் உட்புறம் விழுந்து, சறுக்கி, கீழ் விளிம்பில் நழுவி, காற்றைப் பிடித்துப் பறந்தது. கூட்டம் கை தட்டியது. பிறகு வந்தவற்றை யாரும் எண்ணவில்லை. ஐந்து திரைகளிலிருந்தும் ஒழுகின. கால்வாயின் மேல் திரண்டு, வளைந்து, வயல் பக்கம் போயின.

"துறைக்கும் துறைக்கும் நடுவுல" என்று தொடங்கினார் ஒருங்கிணைப்பாளர். மின்விளக்கு போட்டார்கள். பிறகு சின்னவள் பேசினாள். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தாள். "எனக்குப் பாலம்தான் தெரியும். மத்தது எல்லாம் எங்க அக்கா" என்று கைகாட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேமராக்கள் திரும்பவில்லை.

பெரியவள் கும்பிட்டாள். பிறகு அண்ணாந்தாள். அவள் மட்டும்தான் அண்ணாந்திருந்தாள்.

ஒரு வவ்வால் திரும்பி வந்தது. இவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்றால் பால் கொடுக்கத்தான். நேராக வந்து வெள்ளை வலையில் மோதியது. விலகிச் சுற்றி மறுபடி மோதியது. அருகில் இருந்த பெட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. இன்னொன்று வந்தது. அதுவும் மோதியது.

அப்போது அந்தச் சத்தம். மெல்லிய, உலோகத்தை உலோகத்தில் தேய்ப்பது போன்ற சத்தம். கருவி இல்லாமலே கேட்டது. உத்தரங்களில் பட்டு, தண்ணீரில் பட்டு, நாலா பக்கமிருந்தும் வந்தது. ஒன்றல்ல. பத்தல்ல.

"அந்த மைக்கைப் பாருங்கப்பா, கீச்சுங்குது" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

மைக்கை அணைத்தார்கள். சத்தம் நிற்கவில்லை. "சில்வண்டு" என்றார் யாரோ. பேப்பர்காரர் சின்னவளை விளக்குப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார். "கொஞ்சம் சிரிங்க மேடம்." சின்னவள் சிரித்தாள்.

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். இரண்டு கைகளும் மடியில். இப்போது எழ வேண்டியதில்லை. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும். நாக்கில் ஒரு தித்திப்பு ஊறியது. உண்மையான தித்திப்பு. இப்படி ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

தாய் மறுபடி மோதியது. இம்முறை வலையிலேயே தொற்றிக்கொண்டது. இழைக்கு இந்தப் பக்கம் தாயின் மூக்கு. அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கீழிருந்து தெரியவில்லை. கத்தல் மட்டும் வேகமானது. குட்டி தாயின் வாசனையைப் பிடித்தால் அப்படித்தான் கத்தும். இந்த உலகத்தில் அந்தக் கத்தலின் பொருள் தெரிந்த ஆட்கள் சொற்பம். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சின்னவளின் கையைப் பிடித்தாள். படம் கெட்டது என்று பேப்பர்காரர் முனகினார்.

"மூணாவது திரையை எடு."

"என்ன அக்கா?"

"உள்ள குட்டி இருக்கு. நிறைய. மூணாவதை எடுத்துடு. இப்பவே."

சின்னவள் ஏன் என்று கேட்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிரேன் தொட்டியில் ஏறினாள். "தூக்குங்க" என்றாள். "மேடம், பேப்பர்காரங்க இருக்காங்க" என்று ஒருங்கிணைப்பாளர் கீழிருந்து சொன்னார். கத்தி வலையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. திரை ஒரு பக்கம் சரிந்து, பிறகு முழுதாகக் கால்வாயில் விழுந்து மிதந்தது.

தொட்டி நகர்வதற்கு முன்பே தாய்கள் உள்ளே நுழைந்தன. ஒவ்வொன்றாக அல்ல, முண்டியடித்துக்கொண்டு. கத்தல் மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு தண்ணீரின் சத்தம் மட்டும் இருந்தது.

மற்ற நான்கு திரைகளும் அசையாமல் தொங்கின. அவற்றில் எதுவும் மோதவில்லை.

"ஞாயித்துக்கிழமை வேலை?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"மூணாவது தவிர மத்ததை அடைப்போம்" என்றாள் சின்னவள் இறங்கிக்கொண்டே. "அது குட்டிங்க பறந்தப்புறம். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

பேப்பர்காரர்கள் அவளைச் சூழ்ந்தார்கள். கடைசி நிமிடத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். "நான் இல்ல, எங்க அக்கா" என்றாள். இம்முறை கேமராக்கள் திரும்பின. விளக்கு பெரியவளின் முகத்தில் விழுந்தது. கண் கூசியது. அவளை வவ்வாலம்மா என்று யாரோ கூப்பிட்டார்கள்.

ஆட்கள் கலைந்தார்கள். மைக்கைச் சுருட்டினார்கள். பெரியவள் விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி மடக்கினாள். சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் வலையின் இழை சுற்றியிருந்தது. அதை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் பாலத்தை அண்ணாந்து பார்த்தாள். முதல் இடைவெளியிலிருந்து ஐந்தாவது வரை மெதுவாகப் பார்த்தாள். சுத்தியால் தட்டிய இடத்தைத் தேடுகிறவள் போல.

"சத்தம் எல்லாப் பக்கத்துலேருந்தும் வந்துச்சு அக்கா" என்றாள். "மூணாவதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"